வேனுக்கு எவர்சில்வர் அடுப்பு வாங்கப் போறீங்களா, முதல்ல கவுத்துப் போட்டுப் பாருங்க

பழைய ஹையேஸ் வேனை வாங்கி, உள்ள சீட்டை எல்லாம் கழட்டிட்டு கட்டில், அலமாரி, தண்ணி டேங்க்னு போட்டு மோட்டார்ஹோம் ஆக்குறவங்க எங்க பினாங்கு பக்கம் இப்ப நிறையா ஆயிட்டாங்க. எங்க வண்டியும் அந்த ரகம்தான். வந்து எட்டிப் பாக்குறவங்க முதல்ல கேக்குறது கட்டிலைப் பத்தி, அப்புறம் கொஞ்சம் வெக்கத்தோட டாய்லெட்டைப் பத்தி, அடுப்பைப் பத்திக் கேக்குறது கடைசியாதான். அதுவும் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, துருப்பிடிக்காதுல்ல?"ன்னு பதிலையும் அவங்களே சேர்த்துச் சொல்லிடுவாங்க. பிடிக்கும்ங்க. நம்ம ஊரு கடல் காத்துல, வேன் மாதிரி ஒரு சின்ன பெட்டிக்குள்ள, நல்லாவே பிடிக்கும். ஆனா நீங்க பாக்குற இடத்துல பிடிக்காது, அதான் பிரச்சனையே.

எங்க தாய்மாமா பிறைங்குற ஊருல வாழை இலை சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு. எவர்சில்வர் அடுப்பு, எவர்சில்வர் மேஜை, எவர்சில்வர் தொட்டின்னு நடுவுலயே பொழைக்கிற மனுஷன். அடுப்பு வாங்க அவரைக் கூட்டிட்டுப் போனேன். தவுக்கே, அதான் கடை முதலாளி, மேல்தகட்டைத் துணியால துடைச்சு, லைட்டுல காட்டி, முகம் தெரியுது பாருங்கன்னு காட்டிட்டு இருக்காரு, மாமா அதைக் கண்டுக்கவே இல்ல, ரெண்டு கையாலயும் தூக்கி கவுத்துப் போட்டுட்டாரு. தவுக்கே முகத்தைப் பாக்கணுமே. "மேல துடைக்க நீ இருக்கம்மா, கீழ யாரு துடைக்கப் போறா"ன்னாரு. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது மொத்தமும் அவ்வளவுதான், ஆனா ஏன்னு சொன்னாதான் உங்களுக்கும் கடையில நின்னு கவுத்துப் பாக்க தைரியம் வரும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

இரும்புல குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல கலந்தா அதுக்கு ஸ்டெயின்லெஸ்னு பேரு. அந்தக் குரோமியம் காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேர்ந்து மேல கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய படலம் போட்டுக்கும், கீறல் விழுந்தாலும் காத்து பட்டா அதுவா திரும்ப மூடிக்கும். 1913ல இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லின்னு ஒருத்தர், துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயாம இருக்க என்ன கலவை போடலாம்னு தேடப் போய்தான் இது அவர் கையில சிக்குச்சு, வினிகர், எலுமிச்சை சாறுல எல்லாம் போட்டுப் பாத்திருக்காரு, ஒண்ணும் ஆகல. அதனால புளிக்குழம்பு பொங்கி வழிஞ்சா அடுப்பு போயிடும்னு பயப்படுறவங்க பயப்பட வேணாம், புளிப்பு இதுக்குப் பெரிய எதிரி இல்ல. உப்புதான் எதிரி. உப்புல இருக்குற குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தின மாதிரி அங்கங்க ஓட்டை போடும், ஓட்டை போட்ட இடத்துல ஈரமும் நின்னுச்சுன்னா தேத்தண்ணி சிந்துன மாதிரி பழுப்பா ஒரு கறை வரும், அப்புறம் புள்ளி புள்ளியா உள்ள இறங்கும். கடல்ல இருந்து அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இந்தக் கறை ரொம்ப சகஜம்னு சொல்லுவாங்க. ஜார்ஜ்டவுன் மொத்தமும் அந்தக் கணக்குக்குள்ள வந்துடுது, பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் கடற்கரையில ராத்திரி வண்டியை நிறுத்திட்டு அலை சத்தம் கேட்டுக்கிட்டே தூங்குறவங்களைப் பத்தி நான் தனியா சொல்லவே வேணாம்.

சரி, எந்த ஸ்டீல். கடையில எல்லாத்துக்கும் ஒரே பேருதான், ஆனா உள்ள மூணு நாலு ரகம் இருக்கு. 304ல குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் சுமாரா இருக்கும், பாத்திரத்துல 18/8ன்னு போட்டிருக்கே அதேதான். 430ல குரோமியம் 16ல இருந்து 18 வரைக்கும் இருக்கும், நிக்கல் கிடையாது, விலை கம்மி, வீட்டு அடுப்புல நிறைய மேல்தகடு இதுலதான் வருது. 316ல மாலிப்டினம் ரெண்டு மூணு சதவீதம் சேர்ப்பாங்க, உப்புக்கு நல்லா தாங்கும், படகுச் சாமான்ல பாக்கலாம், அடுப்புல தேடிப் போனா பாக்கெட் காலி. நாலாவது ஒண்ணு 201, நிக்கல் விலை ஜாஸ்தின்னு அதைக் குறைச்சு மாங்கனீஸ் போட்டது, புதுசுல 304 மாதிரியே மின்னும், ஆனா உப்புக் காத்துல அதைவிட சீக்கிரம் கறை பிடிக்கும்.

காந்தம் எடுத்துட்டுப் போங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்றேன், ஆனா அதையே முழுசா நம்பாதீங்க. காந்தம் சப்புனு ஒட்டுச்சுன்னா அது 430, இல்லன்னா வெறும் இரும்புல பூச்சு. ஒட்டலன்னா 304ஆ இருக்கலாம், 201ஆவும் இருக்கலாம், ரெண்டுமே ஒட்டாது. 304லயே கூட தகட்டை மடிச்ச மூலையில லேசா இழுக்கும், அதை வச்சு டூப்ளிகேட்னு தவுக்கேகிட்ட சண்டைக்குப் போகாதீங்க. 201ஐப் பிரிச்சுப் பாக்கணும்னா மாங்கனீஸ் இருந்தா செவப்பா மாறுற ஒரு சொட்டு மருந்து இருக்கு, பெசி பூரோக், அதான் பழைய இரும்பு, வாங்குறவங்க சில பேரு வச்சிருப்பாங்க. அவ்வளவு தூரம் போக முடியலன்னா ரகத்தை எழுத்துல போட்டிருக்குற அடுப்பா வாங்குங்க, ஸ்டெயின்லெஸ்னு மட்டும் போட்டுட்டு நம்பரே இல்லாம இருக்குறதை நான் வாங்க மாட்டேன்.

இப்ப கவுத்துப் போட்டாச்சு, என்ன பாக்கணும். முதல்ல ஸ்க்ரூ. மேல்தகடு 304ஆ இருந்து, அதைப் பிடிச்சிருக்குற ஸ்க்ரூ சாதா இரும்புல துத்தநாகம் பூசினதா இருந்தா, நம்ம ஊரு காத்துல முதல்ல அழுகுறது அந்த ஸ்க்ரூதான், அதோட துரு வழிஞ்சு நல்ல தகட்டுலயும் கறையா ஒட்டிக்கும், ஆளுங்க அடுப்பே துருப்பிடிச்சுடுச்சும்பாங்க. அடுத்து அடித்தட்டு, அது தனித் தகடா, இல்ல மேல்தகடோட ஒரே தகட்டுல அழுத்திச் செஞ்சதான்னு பாருங்க. ஒரே தகடா இருந்து மூலையெல்லாம் உருண்டையா இருந்தா தண்ணி தேங்க இடம் இல்ல. ரெண்டு தகடு ஒட்டுற இடுக்குல பாலோ குழம்போ இறங்குச்சுன்னா அங்க காத்து போகாது, காத்து போகலன்னா அந்தப் படலம் திரும்ப வராது, வெளிய பளபளன்னு இருக்கும்போதே உள்ளுக்குள்ள அரிச்சிடும். அப்புறம் கேபினட்ல அடுப்பைப் பிடிச்சு நிறுத்துற கிளிப்பு, கேஸ் வர்ற குழாய், பர்னர் கிண்ணத்தோட அடிப்பக்கம். இதெல்லாம் எந்த உலோகம்னு கேட்டா பாதி கடையில தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க, கேட்டு வைங்க.

தகட்டை நடுவுல கட்டை விரலால அழுத்திப் பாருங்க. டொக்குனு உள்ள போயி டொக்குனு வெளிய வந்தா மெல்லிசு. வீட்டுல அது பரவால்ல, வண்டியில போற வழி பூரா ஆடும், கேமரன் மலை ஏறுறப்ப அந்தச் சத்தம் ஒண்ணே போதும் வீட்டுக்காரரோட சண்டை போட.

இனி தீ. இதுல நம்ம ஆளுங்க ரொம்ப ஏமாந்து போறாங்க. மலேசியாவுல வீட்டு அடுப்புன்னா ஒரு பர்னர் 4, 5 கிலோவாட்னு போட்டு வித்துட்டு இருக்காங்க. மோட்டார்ஹோமுக்குன்னே செய்ற அடுப்பு, டொமெட்டிக், தெட்ஃபோர்ட் மாதிரி கம்பெனிங்க செய்றது, ஒரு பர்னர் பெரும்பாலும் 1ல இருந்து 2 கிலோவாட்டுக்குள்ளதான் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க ஆறு ஏழு நிமிஷம் ஆகும். அதுல மீ கோரிங், அதான் பிரட்டின நூடுல்ஸ், வாசனையோட வரணும்னு எதிர்பார்த்தா வராது, வேகத்தான் செய்யும். அப்ப வீட்டு அடுப்பையே வேன்ல வச்சா என்னன்னு கேப்பீங்க. சின்ன இடத்துல அவ்வளவு சூடு, மேல அலமாரி, பக்கத்துல திரைச்சீலை, நினைச்சாலே எனக்குப் பிடிக்கல. மாமாவும் இதுல என் பக்கம்தான். இன்னொண்ணு, அந்தச் சின்ன அடுப்புல பாத்திரம் வைக்கிற கம்பி தட்டையா இருக்கும், அடி உருண்டையான குவாலி, அதான் வாணலி, நிக்காது, அடி தட்டையான பாத்திரமா வாங்கிக்கங்க. பிரஷர் குக்கர் ஒண்ணு கட்டாயம், சோறும் பருப்பும் சீக்கிரம் ஆகும், கேஸும் மிச்சம், உள்ள புழுக்கமும் கம்மி.

வெள்ளைக்காரங்க அடுப்புல கண்ணாடி மூடி வரும், மூடினா மேல சாமான் வைக்கலாம், ரொம்ப வசதி. ஆனா பர்னர் சூடு ஆறாம மூடினா அந்தக் கண்ணாடி தூள் தூளா நொறுங்க வாய்ப்பு இருக்கு. எங்க வண்டியில பிள்ளைங்களுக்கு அந்த மூடியைத் தொடவே அனுமதி இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன், தீ அணைஞ்சா கேஸ் தானா நிக்கிற அமைப்பு. பர்னர் பக்கத்துல ஒரு சின்ன ஊசி மாதிரி நிக்கும், தெர்மோகப்புள், தீயில சூடாகி சில மில்லிவோல்ட் மின்சாரம் கொடுக்கும், அந்தக் கொஞ்சூண்டு மின்சாரம்தான் உள்ள ஒரு காந்த வால்வைத் திறந்து வச்சிருக்கும். தீ அணைஞ்சா ஊசி ஆறும், வால்வு மூடிக்கும். அதனாலதான் பத்த வச்சதும் சில வினாடி குமிழை அழுத்திப் பிடிக்கச் சொல்றாங்க. வீட்டுல இது இல்லாம காலம் தள்ளிட்டோம், ஆனா வேன்ல கதவைத் திறந்தா காத்து நேரா அடுப்பு மேலதான் அடிக்குது. அணைஞ்சது தெரியாம நம்ம பாட்டுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்திருப்போம். கேஸ் காத்தைவிட கனம், அதுல இருக்குற புரோபேன் ஒண்ணரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு, மேல ஜன்னல் திறந்திருக்குன்னு சந்தோஷப்பட்டா அது தரையில கட்டில் அடியில போயி நிக்கும். கேஸ் தோங், அதான் சிலிண்டர், வைக்கிற பெட்டிக்கு அடியில வெளிய போற மாதிரி ஓட்டை வேணும்னு சொல்றதும் இதனாலதான். கேஸ் அலாரம் தரைக்குப் பக்கத்துல மாட்டணும்.

தோங் பத்திச் சொல்லிடுறேன். மானிய விலை கிலோவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு, 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 காசு, உலகத்துல இவ்வளவு மலிவா சமைக்கிறவங்க கம்மியாதான் இருப்பாங்க. ஆனா அதோட இரும்பு எடையையும் சேர்த்தா ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரும், பெல்ட் போட்டு நிமிர்த்தி கட்டி வைக்கணும், படுக்க வச்சா வாயுவுக்குப் பதிலா திரவமே அடுப்புக்கு வந்துடும். வண்டி அடுப்பு சின்ன பர்னர் ஒண்ணு முழுசா எரிஞ்சா மணிக்கு சுமார் 120 கிராம் குடிக்கும், அப்ப 12 கிலோ தோங்கே ரொம்ப நாள் வரும். வெளிநாட்டு அடுப்பு வாங்கினா அதுல ஒட்டியிருக்குற தகட்டுல கேஸ் அழுத்தம் எத்தனை மில்லிபார்னு பாருங்க. 28, 30ன்னு இருந்தா நம்ம ஊரு லோ பிரஷர் ரெகுலேட்டரோட ஒத்துப் போகும், 50ன்னு போட்டிருந்தா போகாது. கல்யாண வீட்டுல சட்டி வைக்கிற ஹை பிரஷர் அடுப்பையும் அதோட ரெகுலேட்டரையும் வண்டிக்குள்ள கொண்டு வர்ற எண்ணமே வேணாம்.

மேஜையிலயே சூப் கொதிக்க வச்சு சாப்பிடுற ஸ்டீம்போட்டுக்கு வாங்குற பியூட்டேன் டப்பா அடுப்பு போதாதான்னு தங்கச்சி கேட்டா. வெளிய மேஜையில வச்சு சமைக்க அது போதும், நாங்களும் வச்சிருக்கோம். ஆனா பெரிய தோசைக்கல்லைப் போட்டா கல்லு டப்பா இருக்குற பக்கத்தையும் மூடிடும், சூடு திரும்பி டப்பா மேல அடிக்கும், டப்பா வெடிக்கிறது பெரும்பாலும் இப்படித்தான். ரெண்டு அடுப்பை ஒட்டி வச்சு மேல ஒரே தட்டு போடுறதும் கூடாது. இண்டக்‌ஷன் பத்தி ஒரே வரி: 12 வோல்ட் பேட்டரில இருந்து 2000 வாட் எடுக்கணும்னா 170 ஆம்பியருக்கு மேல இழுக்கும், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி மொத்தமே 1.2 யூனிட்தான், ஒரு கிலோ கேஸ்ல அதைப்போல பத்து மடங்கு இருக்கு. லித்தியமும் சோலாரும் நிறைய போட முடிஞ்சவங்க போடுங்க, எனக்கு வசதி இல்ல.

எரியிறப்ப மேல விசிறியையும் ஒரு ஜன்னலையும் திறந்து வைங்க, மழை பெஞ்சாலும். கார்பன் மோனாக்சைடு ஒரு காரணம், அதுக்குத் தனி அலாரம் தூங்குற உயரத்துல மாட்டணும். நிறைய பேருக்குத் தெரியாத இன்னொரு காரணம் தண்ணி. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா சுமார் ஒண்ணரை லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வருது. அது எங்க போகும்? அலமாரிக்குப் பின்னாடி, மெத்தைக்கு அடியில, அடுப்போட அடித்தட்டுல. மூடின வண்டிக்குள்ள உப்பும் ஈரமும் ஒண்ணு சேர வேற இடமே வேணாம்.

இப்ப பராமரிப்பு. நான் செய்றது ரொம்ப சாதாரணம்: சமைச்சு முடிச்சு சூடு ஆறினதும் பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு போட்ட துணியால துடைக்கிறது, அப்புறம் நல்ல தண்ணித் துணி, அப்புறம் காஞ்ச துணி. அந்தக் காஞ்ச துணியைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. தகட்டுல நீளவாக்குல மெல்லிய கோடு ஓடுது பாருங்க, அந்தக் கோடு போற பக்கமே துடைங்க, குறுக்க தேய்ச்சா கீறல் விழும், கீறல்ல உப்பு உக்காரும். கடற்கரையில ராத்திரி தங்கிட்டு வந்தா சமைச்சிருந்தாலும் சமைக்காட்டியும் நல்ல தண்ணியில ஒரு தடவை துடைச்சிடணும், அடுப்பைப் பத்த வைக்கலைன்னாலும் உப்பு வந்து உக்காந்திருக்கும்.

குளோராக்ஸ், அதான் ப்ளீச், தொடாதீங்க. தரை துடைச்ச அதே துணியை ஊற வச்சு அடுப்பையும் துடைக்கிறாங்க, அதுல இருக்குறது குளோரின், நான் மேல சொன்ன குளோரைடு வேலையை கடலைவிட வேகமா செய்யும். கம்பி ஸ்பாஞ்சும் வேணாம், இரும்புக் கம்பி தேயுறப்ப கண்ணுக்குத் தெரியாத துகள் தகட்டுல குத்திக்கிட்டு நிக்கும், மறுநாள் காலையில தெரியுற துருவெல்லாம் அதுல இருந்துதான். தொட்டியில ஈரத்தோட அதை விட்டுட்டுப் போனா வட்டமா ஒரு தடம் போட்டு வச்சிருக்கும். சாம்பார் காஞ்சு கருகி ஒட்டிக்கிச்சுன்னா சோடா மாவை தண்ணியில குழைச்சு பூசி கொஞ்ச நேரம் ஊற விடுங்க, மரக் கரண்டியோட விளிம்பால தள்ளினாலே வந்துடும். பழுப்புக் கறை வந்துட்டா எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், வெந்நீர்ல கரைச்சு துணியில நனைச்சு வைங்க, ஆரம்பத்துலயே பிடிச்சா போயிடும், அப்புறம் நல்லா அலசணும். பர்னரைச் சுத்தி தங்கக் கலர்ல, நீலமா வானவில் மாதிரி தெரியுறது அழுக்கு இல்ல, சூட்டுல அந்தப் படலம் தடிச்சது, அதைத் தேய்ச்சு கைவலி வாங்கிக்காதீங்க, வினிகர்ல துடைச்சா கொஞ்சம் குறையும், இல்லன்னா இருந்துட்டுப் போகட்டும்.

சோடா மாவு ஸ்டீலுக்குத்தான், பர்னர் மூடிக்கு இல்ல. வண்டி அடுப்புல மூடி நிறைய அலுமினியத்துல வரும், சோடா கலந்த வெந்நீர்ல ஊறப் போட்டா கருத்துப் போயிடும். பித்தளை மூடி கிடைச்சா ரெண்டு காசு கூட இருந்தாலும் வாங்குங்க. தீ நீலமா நிக்கணும், மஞ்சளா ஆடி பாத்திர அடியில கரி பிடிச்சா காத்து சரியா கலக்கலன்னு அர்த்தம், மூடியில இருக்குற ஓட்டைய பல் குத்துற குச்சியால சுத்தம் பண்ணி நல்லா காய வச்சுப் போட்டா பெரும்பாலும் சரியாகும். நடுவுல இருக்குற கேஸ் ஜெட்ல மட்டும் ஊசி விட்டுக் குடையாதீங்க, ஓட்டை பெருசானா அப்புறம் தீ எப்பவுமே மஞ்சள்தான். பத்த வைக்கிற ஸ்பார்க் ஈரத்துல அடிக்கடி மக்கர் பண்ணும், நீளமான லைட்டர் ஒண்ணு டிராயர்ல கிடக்கட்டும்.

வருஷத்துல ஒரு தடவையாவது அடுப்பைக் கழட்டி, மறுபடியும், கவுத்துப் போட்டுப் பாருங்க. துருப்பிடிச்ச ஸ்க்ரூவை எல்லாம் 304 ஸ்க்ரூவா மாத்திடுங்க, ஹார்ட்வேர் கடையில கிடைக்கும், மொத்த அடுப்பு விலைல அது ஒண்ணுமே இல்ல. பின்னாடி இருக்குற ரப்பர் ஹோஸ்ல சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரையும் தேதியும் இருக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஹோஸை மாத்தச் சொல்றாங்க, வண்டி ஆடுற ஆட்டத்துல அதுக்கு முன்னாடியே வெடிப்பு விட்டிருந்தாலும் ஆச்சரியம் இல்ல, வளைச்சுப் பாத்தா தெரியும். நீளப் பயணம் போயிட்டு வந்தா ஒவ்வொரு மூட்டுலயும் சோப்புத் தண்ணி தடவுங்க, நுரைக் குமிழி விட்டா அங்க லீக், தீக்குச்சி வச்சுப் பாக்குற பழைய ஆளுங்க வித்தையெல்லாம் வேணாம்.

வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி தோங் வால்வை மூடணும், அடுப்புக் குமிழை மட்டும் மூடினா பத்தாது. எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் மூடிட்டியான்னு கேப்பாரு, மூடிட்டேன்னு சொல்லுவேன், அப்புறமும் இறங்கிப் போயி பாத்துட்டுதான் வருவாரு. பாக்கட்டும்.